கடனீரேரியின் உப்பும் ஈயத்தின் அளவும்: மின்னிரசாயன உணரிகள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

ஒரு லீற்றர் கடல்நீரை வற்றக் காய்ச்சினால் ஏறத்தாழ 35 கிராம் உப்பு மிஞ்சும். அதே நீரில் ஈயம் ஒரு மைக்கிரோகிராம் இருக்கிறதென்று கொண்டால், நாம் தேடுவது அந்த உப்பின் மூன்றரைக் கோடியில் ஒரு பங்கை. கரையிலிருந்து வெகு தொலைவிலுள்ள சமுத்திர நீரில் ஈயம் இதிலும் பல பத்து மடங்கு குறைவாகவே இருக்கும். கிணற்று நீரில் பார உலோகம் அளப்பவர் கடல்நீருக்கு வந்ததும் திணறுவதற்குக் காரணம் இந்த விகிதம்தான்.

நல்ல வசதியுள்ள ஆய்வுகூடங்களில் இவ்வேலைக்குப் பயன்படுவது திணிவு நிறமாலைமானி. ஆகன் வாயுவை ஆயிரக்கணக்கான பாகை வெப்பத்தில் பிளாஸ்மாவாக்கி, அதனுள் மாதிரியைத் தெளித்து, பிரிந்து வரும் அயன்களைத் திணிவின்படி எண்ணுகின்ற கருவி அது. ஆனால் கரைந்த திண்மம் 0.2 சதவீதத்தைத் தாண்டினாலே அதன் நுழைவாய்க் கூம்புகளில் உப்புப் படியத் தொடங்கிவிடும். கடல்நீரிலோ அது 3.5 சதவீதம். போதாக்குறைக்கு, பிளாஸ்மாவின் ஆகனும் (திணிவு 40) உப்பின் சோடியமும் (திணிவு 23) இணைந்து 63 என்ற திணிவில் வந்து நிற்கும். செம்பில் மிகுதியாகவுள்ள சமதானியின் திணிவும் அதுவே. எனவே கடல்நீரை ஐதாக்க வேண்டும், அல்லது உலோகத்தை மட்டும் பிடித்துவைக்கும் பிசின் நிரப்பிய குழாய் வழியே செலுத்தி, உப்பைக் கழுவிவிட்டு அளக்க வேண்டும். இரண்டுக்கும் நேரமும் பணமும் தேர்ந்த கையும் வேண்டும். மாதத்துக்கு ஒரு போத்தல் அனுப்பலாம். ஒவ்வொரு வற்றுப்பெருக்குக்கும் ஒன்று அனுப்ப முடியாது. இந்த இடத்தில்தான் மின்னிரசாயன உணரிகள் உதவிக்கு வருகின்றன: நீரில் வைத்த மின்வாயில் ஓடும் மின்னோட்டத்தைக் கொண்டு உலோகத்தை அளக்கும் சிறு கருவிகள் அவை.

யாழ்ப்பாணத்தில் பெருந்தொழிற்சாலைகளும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை, பிறகு கடலில் உலோகம் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 உடன் நின்றுபோயிற்று என்பதும் உண்மை. ஆயினும் சிறு சிறு வாய்கள் பல இருக்கின்றன. நீரிலேயே நிற்கும் பெரிய படகுகளின் அடியில் பாசியும் சிப்பியும் பற்றாமல் பூசப்படும் மைகளின் வீரியம் பெரும்பாலும் செம்பு ஒட்சைட்டில் தங்கியுள்ளது. கரிம வெள்ளீயச் சேர்வைகள் சேர்த்த மைகளுக்கு 2008 இல் சர்வதேசத் தடை நடைமுறைக்கு வந்தபின் செம்பின் பங்கு மேலும் கூடியது. வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயக்குண்டுகள் அறுந்து விழுந்து சேற்றில் கிடக்கின்றன. பழைய பற்றரிகளும் மின்சாதனங்களும் கலந்த நகரக் குப்பை கடனீரேரிக்கு அருகே கல்லுண்டாய் வெளியில் கொட்டப்பட்டு வந்திருக்கிறது. நகர வாய்க்கால்களின் நீரும் கடைசியில் பரவைக் கடலுக்குத்தான் போகிறது.

இதற்கு மேல் நிலத்தின் அமைப்பும் ஒரு காரணம். குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல். அதன் வெடிப்புகளூடாக நிலத்தடி நீர் கடலை நோக்கி ஓடிக்கொண்டே இருக்கிறது. கீரிமலையில் அலையடிக்கும் கரையிலேயே நன்னீர் ஊறுவது இந்த ஓட்டம் வெளியே தெரியும் இடங்களில் ஒன்று. நிலத்தில் எதை ஊற்றினாலும் அதில் ஒரு பங்கு கண்ணுக்குத் தெரியாத வழியில் கடலுக்குள் போகக்கூடும் என்பதை இங்கே மறந்துவிட முடியாது.

மின்னிரசாயன முறையின் சிறப்பு, மற்றக் கருவிகளுக்கு இடைஞ்சலாக இருக்கும் உப்பை அது தனக்குத் துணையாக்கிக் கொள்வதில் இருக்கிறது. கரைசல் ஒன்றில் மின்னோட்டத்தை அளக்க வேண்டுமானால் அக்கரைசல் நன்றாக மின்னைக் கடத்த வேண்டும். நன்னீருக்கு அதற்காகவே உப்புச் சேர்ப்பார்கள். கடல்நீருக்கு அந்தத் தேவையில்லை. 1922 இல் பிராக் நகரில் யாரோசிலாவ் ஹெய்ரொவ்ஸ்கி, துளித்துளியாக விழும் இரசத்தை மின்வாயாகக் கொண்டு, மின்னழுத்தத்தை மாற்ற மாற்ற மின்னோட்டம் எப்படி மாறுகிறது என்பதைப் பதிவுசெய்து இத்துறையைத் தொடக்கினார். 1959 இல் அதற்காக இரசாயன நோபல் பரிசு பெற்றார். இன்று கையளவு பெட்டியில் நடப்பதும் அடிப்படையில் அதே வேலைதான்.

அதன் இயக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். நீருக்குள் மூன்று மின்வாய்கள் இருக்கும். ஒன்றில் வேலை நடக்கும். இன்னொன்று மின்னோட்டச் சுற்றைப் பூர்த்தியாக்கும். மூன்றாவது, அழுத்தத்தை எதனோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அந்த ஒப்பீட்டு மின்வாய், பெரும்பாலும் வெள்ளியும் வெள்ளிக் குளோரைட்டும். முதலில் வேலை மின்வாயை ஏறத்தாழ −1.2 வோல்ற்றில் வைத்து, நீரைக் கலக்கியபடி ஓரிரு நிமிடம் விடுவார்கள். அவ்வழுத்தத்தில் ஈயம், கட்மியம், நாகம் முதலியவற்றின் அயன்கள் இலத்திரன்களை ஏற்று உலோகமாக மின்வாயின் மேல் படியும். நீரில் பரந்து கிடந்தது ஒரு மெல்லிய படலத்தில் வந்து சேர்கிறது. உணர்திறன் முழுவதும் இந்தச் சேகரிப்பில்தான் இருக்கிறது. பின்னர் கலக்குவதை நிறுத்தி, அழுத்தத்தை நேர்ப்பக்கமாக விரைந்து உயர்த்துவார்கள். படிந்த ஒவ்வோர் உலோகமும் தனக்குரிய அழுத்தம் வந்ததும் ஒட்சியேற்றப்பட்டு மீண்டும் நீருக்குள் போகும். போகும்போது விடும் இலத்திரன்கள் திரையில் ஓர் உச்சமாக எழும். பிசுமதுப் படல மின்வாயில் நாகம் −1.1 வோல்ற்றுக்கு அருகிலும், கட்மியம் −0.8 க்கு அருகிலும், ஈயம் −0.55 க்கு அருகிலும் எழுவது வழக்கம். உச்சம் நிற்கும் இடம் எந்த உலோகம் என்று சொல்கிறது. அதன் உயரம் எவ்வளவு என்று சொல்கிறது.

மேலும் சில நிமிடம் சேகரித்தால் உச்சம் மேலும் உயரும். இவ்வாறு லீற்றருக்கு ஒரு மைக்கிரோகிராமுக்கும் கீழான ஈயத்தை, பற்றரியில் இயங்கும் கருவி ஒன்றால் படகிலிருந்தே பார்த்துவிடலாம்.

நெடுங்காலம் இவ்வேலைக்கு இரசமே சிறந்த மின்வாயாக இருந்தது. உலோகங்கள் அதில் எளிதில் கரையும். மேற்பரப்பும் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கும். ஆனால் கடலில் நஞ்சு தேடப் போகும் படகில் இரசப் போத்தலை ஏற்றிச்செல்வதை யாரும் விரும்ப மாட்டார்கள், தொழிற்சாலை இரசக் கழிவு மீன்வழியே மக்களை நஞ்சாக்கிய யப்பானின் மினமாட்டா விரிகுடாவின் கதை தெரிந்தவர்கள் நிச்சயமாக விரும்ப மாட்டார்கள். 2000 ஆம் ஆண்டில் யோசப் வாங் குழுவினர் காபன் மேற்பரப்பில் பிசுமதுப் படலம் பூசி, இரசத்துக்கு நிகரான உச்சங்களைப் பெறலாம் என்று காட்டினர். பிசுமது வயிற்று மருந்துகளிலேயே சேர்க்கப்படும் அளவுக்கு நஞ்சு குறைந்த உலோகம். அதன்பின் மூன்று மின்வாய்களையும் ஒரு பிளாஸ்ரிக் துண்டில் மையாக அச்சிடுவது பரவலானது. சீனி வருத்தக்காரர் வீட்டில் விரல் நுனி இரத்தத்தைத் தொட்டு வைக்கும் துண்டும் இதே அச்சு வகைதான். ஆனால் இரத்தத்தில் குளுக்கோசு லீற்றருக்கு 5 மில்லிமூல் அளவில் இருக்க, லீற்றருக்கு ஒரு மைக்கிரோகிராம் ஈயம் 5 நனோமூலுக்கும் சற்றுக் குறைவு. பத்து இலட்சம் மடங்கு வேறுபாடு. ஆகவே ஒரு சொட்டு வைத்து ஐந்து வினாடியில் எண் பார்க்கும் எளிமையை இங்கே எதிர்பார்க்கக் கூடாது.

பிசுமதுக்கு ஒரு குறையும் உண்டு, அது எங்கள் துறைமுகங்களுக்கு முக்கியமானது. படலமே −0.2 வோல்ற்றை அண்டியதும் கரைந்து தன் உச்சத்தைக் காட்டிவிடும். செம்பின் உச்சமும் ஏறத்தாழ அங்கேதான். படகு மைகளால் வரக்கூடிய முதல் உலோகமான செம்பைப் பிசுமதுத் துண்டு சரியாகக் காட்டாது. செம்புக்கும் இரசத்துக்கும் தங்க மின்வாய் வேண்டும். எல்லா உலோகத்துக்கும் ஒரே துண்டு என்று விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

செம்பை விட்டுவிடவும் முடியாது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 2 மில்லிகிராம் செம்பு வரை ஏற்கிறது. ஐக்கிய அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரமைப்புக் கடல்வாழ் உயிர்களுக்கு நீண்டகால எல்லையாகக் கொள்வது லீற்றருக்கு 3.1 மைக்கிரோகிராம், அறுநூறு மடங்குக்கும் மேல் குறைவு. ஈயத்துக்கு இவ்விரு எல்லைகளும் 10, 8.1 மைக்கிரோகிராம் என்று அருகருகே நிற்கின்றன. மனிதன் தாராளமாகக் குடிக்கத்தக்க செம்பு, கடற்பாசிக்கும் சிப்பிக் குஞ்சுக்கும் நஞ்சு. குடிநீர்த் தரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடனீரேரியை மதிப்பிட்டால் தவறான நிம்மதியே கிடைக்கும்.

இனி உப்பின் கதைக்கு வருவோம். கடல்நீருக்கென உருவாக்கப்பட்ட உணரிகளில் பெரும்பாலானவை உப்புச்செறிவு ஏறத்தாழ மாறாதது என்ற எண்ணத்தில் அமைந்தவை. யாழ்ப்பாணக் கடனீரேரி அப்படிப்பட்டதல்ல. ஆழம் குறைந்த அந்நீர் ஆவணி, புரட்டாதி வெயிலில் வற்றி, சில மூலைகளில் திறந்த கடலைவிட உப்புக் கூடிப் போகும். வடகீழ்ப் பருவ மழை கொட்டியதும் அதே இடம் பாதி நன்னீராகிவிடும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உள்ள தடுப்பணைகளின் கதவுகள் திறக்கப்படும் நாட்களில் அந்த அந்த வாயருகே உப்புச்செறிவு மணிக்கணக்கில் மாறும்.

அச்சிட்ட துண்டுக்கு இதனால் நேரடியான சிக்கல் வருகிறது. ஆய்வுகூட ஒப்பீட்டு மின்வாய் தனக்கென்று ஒரு குளோரைட்டுக் கரைசலைக் கண்ணாடிக் குழாய்க்குள் வைத்திருக்கும். துண்டிலுள்ள வெள்ளிக் கோடோ வெளியே உள்ள நீரின் குளோரைட்டையே நம்பி நிற்கிறது. அந்தக் குளோரைட்டுப் பத்திலொன்றாகக் குறைந்தால், எங்கள் வெப்பநிலையில், ஒப்பீட்டு அழுத்தம் ஏறத்தாழ 60 மில்லிவோல்ற்று நகரும். உலோக அயன்களும் குளோரைட்டோடு சேர்ந்து சிக்கல் அயன்களாக நிற்பவை ஆதலால் அவற்றின் உச்சமும் தன்பாட்டில் இடம் மாறும். உச்சத்தைக் குறித்த சாளரத்துக்குள் மட்டும் தேடும்படி எழுதப்பட்ட மென்பொருள், மார்கழி நீரில் ஈயத்தின் உச்சியைத் தவறவிட்டு அதன் சரிவை அளந்து வைக்கும். எண் ஒன்று திரையில் வரத்தான் செய்யும். அது என்ன எண் என்பதுதான் தெரியாது.

இதைச் சமாளிக்கும் வழி புதியதல்ல. அறிந்த அளவு ஈயத்தை அதே மாதிரியில் சேர்த்து மீண்டும் அளப்பதும், இன்னுமொரு முறை சேர்த்து அளப்பதும், உயர்ந்த அளவிலிருந்து முதலில் இருந்ததைக் கணிப்பதும் பழைய நியமச் சேர்ப்பு முறை. நீர் எப்படிப்பட்டதானாலும் அதே நீரிலேயே அளவுகோல் அமைகிறது. ஒரு மாதிரிக்கு மூன்று நான்கு ஓட்டம் எடுக்கும் என்பதால் பலர் இதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். கடனீரேரியைப் பொறுத்தவரை இதைத் தவிர்த்து எடுத்த அளவை அளவாகவே கொள்ளக் கூடாது என்பது என் எண்ணம். கூடவே உப்புச்செறிவையும் வெப்பநிலையையும் குறிக்காத பதிவு அரைப் பதிவு.

உணரி காணும் உலோகம் எது என்பது இன்னும் ஆழமான விடயம். நீரில் உலோகம் ஒரே வடிவில் இருப்பதில்லை. கட்மியத்தின் பெரும்பகுதி குளோரைட்டோடு சேர்ந்திருக்கும். ஈயத்தில் கணிசமான பங்கு காபனேற்றோடு. செம்பில் 99 சதவீதத்துக்கும் மேல், பாசிகளும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கரிமப் பொருட்களின் பிடியில் இருப்பது வழக்கம். திணிவு நிறமாலைமானிக்கு இவை எல்லாம் ஒன்றே. பிளாஸ்மாவில் எல்லாப் பிணைப்பும் அறுந்துவிடும். மின்வாய்க்கு அப்படியல்ல. மேற்பரப்பை அண்டும் கணத்தில் பிணைப்பை விட்டு வரக்கூடிய உலோகம் மட்டுமே படியும். கரிமப் பொருள் இறுகப் பற்றிய செம்பு படியாமலே போய்விடும்.

இதைக் குறையென்று சொல்வதா நிறையென்று சொல்வதா? பாசியின் உயிரணுச் சவ்வும் பெரும்பாலும் விடுபட்ட அயனைத்தான் உள்ளே எடுக்கிறது. ஆகவே உயிருக்கு எட்டும் பங்கை மொத்த அளவைவிட மின்வாய் நெருங்கிச் சொல்கிறது என்று கடல் இரசாயனவியலாளர் கருதுவது நியாயமே. ஆனால் அதே காரணத்தால், மொத்த உலோகத்தையோ கரைந்த உலோகம் முழுவதையோ வைத்து எழுதப்பட்ட சட்ட எல்லையோடு உணரியின் எண்ணை நேரே ஒப்பிட முடியாது. மொத்தம் வேண்டுமானால் நீரை அமிலமாக்கி pH 2 க்குக் கொண்டுவந்து, புறவூதா ஒளியில் மணிக்கணக்கில் வைத்துக் கரிமப் பிடியை உடைக்க வேண்டும். கையடக்கத் துண்டுகளுக்கு வழக்கமாகச் சேர்க்கும் அசற்றேற்றுத் தாங்கற் கரைசல் (அமிலத்தன்மையை மாறாமல் வைத்திருப்பது) pH 4.5 அளவில் நிற்பது; அதில் பிடியின் ஒரு பகுதி விடுபடும், மறுபகுதி விடுபடாது. அப்போது அளக்கப்படுவது இயற்கை நிலையுமல்ல, மொத்தமுமல்ல. ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகச் செய்தால் ஒப்பிடப் பயன்படும் எண் அது. வேறோர் ஆய்வின் எண்ணோடு வைத்துப் பார்க்க உதவாது.

சேறும் பாசியும் கலந்த நீர் மின்வாய்க்கும் நல்லதல்ல. குருநகர் இறங்குதுறையடி நீர் போன்ற ஒன்றை வடிக்காமல் துண்டில் விட்டால், கரிம வழுவழுப்பு மேற்பரப்பில் ஒட்டி உச்சங்கள் ஓட்டத்துக்கு ஓட்டம் தாழ்ந்துகொண்டே போகும். உலோகம் குறைகிறது என்று அதை வாசித்துவிடும் அபாயம் உண்டு. ஜெனீவாவில் பஃபிள், தெர்சியே-வேபர் ஆகியோரின் குழு மின்வாயை அகரோசுக் கூழ்ப்படை ஒன்றுக்குள் புதைத்து இதற்கு வழி கண்டது. சிறிய அயன்கள் கூழினூடாகப் பரவி உள்ளே போகும். பெரிய மூலக்கூறுகளும் துணிக்கைகளும் வெளியே நின்றுவிடும். கடலுக்குள் இறக்கிவிட்டுத் தொடர்ந்து அளக்கும் கருவிகள் இந்த யோசனையால்தான் நடைமுறைக்கு வந்தன. கரைந்த ஒட்சிசனும் தானே இலத்திரன் வாங்கி இரைச்சல் உண்டாக்கும். ஆய்வுகூடத்தில் நைதரசன் செலுத்தி அதை அகற்றுவார்கள், களத்தில் அழுத்தத்தைச் சதுர அலையாக ஏற்றி அதன் பாதிப்பைக் குறைப்பார்கள்.

மாதிரி எடுப்பதில் உள்ள கவனம் கருவியைவிட முக்கியமானது. புவியின் வயதைக் கணித்தவரான கிளேர் பற்றர்சன், கடல்நீரில் ஈயம் பற்றி அதுவரை வெளிவந்திருந்த எண்களில் பெரும்பகுதி போத்தலிலிருந்தும் இரசாயனப் பொருட்களிலிருந்தும் ஆய்வுகூடக் காற்றிலிருந்தும் வந்த ஈயத்தின் அளவு என்று காட்டினார். இன்று ஈயப் பெற்றோல் உலகில் எங்கும் வாகனங்களுக்கு விற்கப்படுவதில்லை. கடைசி நாடான அல்ஜீரியா 2021 இல் நிறுத்தியது. ஆனாலும் வேறு வழிகள் இருக்கின்றன. படகின் வெளி எஞ்சினில் துரு காக்க ஒரு நாகத் துண்டு பூட்டியிருக்கும். எஞ்சின் பக்கம் நின்று நீர் அள்ளினால் நாகம் கூடித்தான் தெரியும். அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பிளாஸ்ரிக் போத்தல், முன்னணியத்தில் நின்று காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எதிர்ப்பக்கமாக அள்ளுதல், ஒவ்வொரு தொகுதியோடும் தூய நீர் மட்டும் நிரப்பிய ஒரு போத்தலைக் கொண்டுபோய்க் கொண்டுவருதல் ஆகியவை செலவில்லாத ஒழுங்குகள்.

இவ்வளவு நிபந்தனைகளுக்குப் பிறகும் இந்த உணரிகள் எங்களுக்கு வேண்டும் என்றே நினைக்கிறேன், ஆனால் ஆய்வுகூடத்துக்குப் பதிலாக அல்ல. ஒரே இடத்தில், ஒரே முறையில், வாராவாரம் எடுத்த சுமாரான எண்கள், ஆண்டுக்கொரு முறை எடுத்த துல்லியமான எண்ணால் சொல்ல முடியாததைச் சொல்லும்: ஐப்பசியின் முதற்பெருமழை நகர வாய்க்கால்களைக் கழுவிக் கொண்டுவரும் அந்த ஓரிரு நாட்களில் என்ன நடக்கிறது என்பதை. உச்சம் திடீரென்று எழும் நாளில் மூன்று போத்தல் அள்ளி அமிலமிட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். எந்த நாளில் அனுப்புவது என்று தெரிவதே பாதி வேலை.

அடிப்படைப் பதிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாட்டில் உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி யூன் 2 இல் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் 1,486 கொள்கலன்களும், அவற்றுள் 25 தொன் நைத்திரிக் கமிலமும் இருந்தன. அத்தகைய விபத்தின் பின் நீரில் அளக்கும் எந்த உலோகத்துக்கும் முதலில் எழும் கேள்வி, விபத்துக்கு முன் எவ்வளவு இருந்தது என்பதே. சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் கழிவெண்ணெய் கலந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் 2 கோடி ரூபா இழப்பீடு விதிப்பதற்கு முன் எத்தனை ஆண்டு அறிக்கைக்கு எதிரறிக்கையாகக் கழிந்தன என்பதைக் குடாநாட்டார் அறிவர். தேதியும் இடமும் உப்புச்செறிவும் குறித்த நீண்ட பதிவு ஒன்று இருந்தால் அப்படிப்பட்ட வாதங்கள் சுருங்கும். அப்பதிவை வைத்திருப்பது பல்கலைக்கழகமோ கடற்றொழிலாளர் சங்கமோ யாராயினும், ஆள் மாறினாலும் முறை மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் கடினமான பகுதி.

நீரில் வைத்த உணரிக்கு எட்டாத ஓர் இடம் இருக்கிறது, அது சேறு. உலோகம் நீரில் நெடுநாள் மிதப்பதில்லை; துணிக்கைகளில் ஒட்டிக் கீழே போய்விடும். நீர் தெளிவாகவும் உச்சங்கள் தாழ்வாகவும் இருக்கும் நாளிலும், சேற்றை விழுங்கி அதிலுள்ள உணவைப் பிரித்தெடுக்கும் கடலட்டை தன் பங்கை அடியிலிருந்தே பெற்றுக்கொண்டிருக்கும். கடலட்டைப் பண்ணைகள் பெருகிவரும் கரைகளில் சேற்றையும் அமிலத்தில் வடித்து அதே துண்டால் பார்க்கலாம். முறை அதிகம் மாறுவதில்லை, ஈயமும் கட்மியமும் நன்றாகவே தெரியும்.

நண்டுக்கு இதுவும் போதாது. ஐரோப்பிய ஒன்றியம் நண்டு, இறால் வகைகளின் தசையில் ஈயம், கட்மியம் ஒவ்வொன்றுக்கும் கிலோவுக்கு 0.50 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. ஆனால் நண்டைப் பொறுத்தவரை அவ்வெல்லை கால், கொடுக்குத் தசைக்கு மட்டும் உரியது. கட்மியம் கூடுதலாகச் சேருவது ஓட்டுக்குள் இருக்கும் மண்ணிறச் சதையில். கொடுக்குத் தசையைப் பிரித்து அனுப்பும் ஏற்றுமதிக்கு அந்த வேறுபாடு பொருந்தும். ஓட்டோடு உடைத்துக் கூழில் போடுகிறவர்களுக்கு அந்த எண் பாதியையே சொல்கிறது. மீதியை அறிய மண்ணிறச் சதையைத் தனியாக எடுத்து நைத்திரிக் கமிலத்தில் கரைத்து அளக்க வேண்டும்.